பொன்னின் மாற்றும் மணியின் தரமும்

பிறர் அணிந்து கழற்றிய ஒரு மோதிரம் நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அன்னையின் பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். அடகில் மூழ்கி ஏலத்துக்கு வந்ததாகவும் இருக்கலாம். அதன் உள்வளையத்திலே தேய்ந்துபோன சில எழுத்துக்களும் எண்களும் தெரிகின்றன. மேலே சிவந்த கல் ஒன்று ஒளிவிடுகிறது. இது எத்தகைய பொன்? இந்தக் கல் மாணிக்கமா, அன்றி மாணிக்கத்தைப் போலத் தோன்றும் வேறொன்றா? இக்கேள்விகளுக்கு விடை காண முற்படுவோர், தம்மை அறியாமலே இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்டத் தொடங்குகிறார்கள்.

இவ்வரலாறு செறிந்து கிடக்கும் இடங்களுள் ஒன்று தமிழகமும் கேரளமும் கூடுகின்ற எல்லைப்புறம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி மக்கள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நகை வாங்கச் செல்வர். மறையூரார்க்கு உடுமலைப்பேட்டை, மூணாற்றார்க்குப் போடிநாயக்கனூர், குமுளியார்க்குக் கம்பம் என்று ஒவ்வோர் ஊருக்கும் மலையின் மறுபுறத்தே ஒரு கடைவீதி உண்டு. இருமொழி வழங்கும் இவ்விடங்களில் நகை அடிக்கடி எல்லை தாண்டும், கைமாறும், அடகு போகும், சில வேளைகளில் மீளாமலும் போகும். தோட்டத் தொழிலாளிக்கும் சிறு உழவருக்கும் அரைப் பவுன் மோதிரம் என்பது அலங்காரப் பொருள் அன்று. மகளின் படிப்பும் மழைக்காலத்து மருத்துவச் செலவும் அதற்குள்ளே அடங்கியிருக்கின்றன. ஆகவே மாற்றுக் குறைந்த பொன்னை உயர்ந்ததென்று நம்பி வாங்குதல் அவர்களுக்குச் சிறிய இழப்பாகாது.

அணியின் உண்மையைச் சோதியாமல் ஒருவன் சொல்லை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதைத் தமிழர்க்கு உரைத்த காவியம் சிலப்பதிகாரம். பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் கோவலனைக் கொல்லச் செய்தான். கைப்பற்றிய சிலம்பை அரசன் திறந்து பார்க்கவும் இல்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. பின்னர் அரசவையிலே கண்ணகி சிலம்பை உடைத்தபோது உள்ளிருந்து தெறித்தது மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பிலோ இருந்தவை முத்துக்கள். வழக்கைத் தீர்த்தது அணிக்குள் இருந்த கல்லே அன்றோ! அக்கண்ணகிக்குரிய மங்கலதேவி கோட்டம் குமுளிக்கு அருகே, இடுக்கி மாவட்டமும் தேனி மாவட்டமும் தொடுகின்ற மலையுச்சியில், பெரியாற்றுக் காட்டினுள்ளே நிற்கிறது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் இருபுறத்து மக்களும் அங்கே ஏறிச் சென்று வழிபடுகின்றனர்.

அதே காவியத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஊர்காண் காதையிலே கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். மணி விற்கும் வீதியில் ஒன்பது வகை மணிகளின் இயல்பும் குற்றமும் கூறப்படுகின்றன. பொன் விற்கும் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் இருந்ததாகவும், எவ்வகை எங்கே கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதபடி பொன்னின் தரம் அறிந்த வணிகர்கள் கொடி கட்டி வைத்திருந்ததாகவும் அறிகிறோம். இன்று மோதிரத்தின் உட்புறத்தே குத்தப்படும் முத்திரை செய்யும் வேலையை அன்று கடைமுன் பறந்த கொடி செய்தது.

பொன்னையும் நாணயத்தையும் சோதித்துத் தரம் கூறுவோர்க்கு வண்ணக்கர் என்பது பழந்தமிழ்ப் பெயர். சங்கப் புலவர்களுள் வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் முதலியோர் பெயர்களிலேயே இத்தொழில் பதிந்திருக்கிறது. அவர்களுடைய முதற்கருவி உரைகல். கட்டளைக்கல் என்றும் கூறுவர். கரிய அக்கல்லின்மேல் பொன்னைத் தேய்த்தால் ஒரு கோடு விழும். தரம் முன்னரே தெரிந்த உரையாணிகளாலும் பக்கத்தே கோடுகள் இட்டு நிறத்தை ஒப்புநோக்குவர். செம்பு மிகுந்தால் கோடு சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். பிற்காலத்தில் கோட்டின்மேல் திராவகம் இடும் வழக்கமும் வந்தது. தாழ்ந்த பொன்னின் கோடு திராவகத்தில் மங்கும். உயர்ந்த பொன்னின் கோடு நிலைக்கும். இவ்வாறு அறியப்படும் தரத்திற்கு மாற்று என்று பெயர். கலப்பற்ற பொன்னைப் பத்தரை மாற்று என்றனர். நல்ல மனிதரைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் போற்றுவது இந்தக் கல்லிலிருந்து பிறந்த வழக்கே.

இனி மணியின் வரலாற்றைக் காண்போம். மேற்குத்தொடர்ச்சி மலையின் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இயற்கை திறந்துவிட்ட வாயில். மேலைக் கடற்கரையின் முசிறித் துறையையும் கொங்கு நாட்டையும் இணைத்த பழைய வணிக வழி இதனூடே சென்றது. கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரிலே பச்சை நீலமாய் ஒளிரும் பெரில் என்னும் மணி வெட்டி எடுக்கப்பட்டது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகள் பெரில், நீலம், படிகம், சூதுபவளம் முதலிய கற்கள் அறுத்தும் துளைத்தும் மெருகிடப்பட்ட தொழிற்கூடங்களை வெளிப்படுத்தின. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை மோதிரங்கள் கிடைத்துள்ளன. இவ்வழியே மணிகள் மேற்கே சென்றன. உரோமானிய நாணயங்கள் கிழக்கே வந்தன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் மட்டும் 500-க்கு மேற்பட்ட உரோமானிய வெள்ளிக்காசுகள் இருந்தன. கணவாயின் மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும் இத்தகைய புதையல் கிடைத்தது.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கும் என்று எழுதினார். அவரே மற்றொன்றும் சொன்னார்: இந்தியர்கள் படிகத்துக்கு வண்ணமேற்றிப் பெரில் முதலிய மணிகளைப் போலியாகச் செய்ய வல்லவர்கள் என்பது அவர் குறிப்பு. நல்ல மணிக்குப் புகழ் வந்த காலத்திலேயே போலி மணிக்கும் சந்தை வந்துவிட்டது என்பதை இதனால் உணர்கிறோம். போலி என்பது நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு அன்று.

சோதித்து அறிந்ததை எழுத்தில் பதிவு செய்யும் மரபுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலினும் சிறந்த சான்று இல்லை. முதலாம் இராசராசன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட அணிகள் கல்லிலே பட்டியலிடப்பட்டன. பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளில் எழுதப்பட்டது. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. தண்டவாணி என்னும் பொன் தரத்தை அளவாகக் கொண்டு, அதனினும் மிகுந்த மாற்று, குறைந்த மாற்று என்று வேறுபடுத்தினர். மணிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் குற்றங்களையும் மறைக்காமல் எழுதினர். கற்களைப் பதிக்கப் பயன்பட்ட அரக்கின் எடையைக்கூட அவர்கள் கணக்கில் விடவில்லை. பழைய மோதிரம் வாங்குவோர் இன்றும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையே: பொன் எவ்வளவு, கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு?

எல்லைப்புற மலைகளுக்குப் புதியதொரு பொன் அளவு வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி அழைத்துச் சென்றனர். தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. சித்தூர் கொச்சியில் இருந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் இவை கேரளத்தில் ஒன்றுசேர்ந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல்.

அரசுகள் வேறாயிருந்தும் பொன்னைக் கணக்கிடுவதில் ஒரு பொது அளவு ஊன்றியது. அதுவே சவரன். 1817 முதல் அச்சிடப்பட்டு வந்த இவ்வாங்கிலப் பொற்காசு ஏறத்தாழ 7.988 கிராம் எடையுள்ளது. தரம் 22 காரட். இதிலிருந்து பிறந்ததே தமிழகத்தில் சவரன், பவுன் என்றும், கேரளத்தில் பவன் என்றும் வழங்கும் 8 கிராம் அளவு. காரட் கணக்கு எளிது. கலப்பற்ற பொன்னை 24 பங்காகக் கொண்டால், 22 காரட் நகையில் 22 பங்கு பொன்னும் 2 பங்கு செம்பு, வெள்ளி முதலிய உலோகங்களும் இருக்கும். ஆயிரத்துக்கு எத்தனை என்று வகுத்தால் 916 வரும். கேரளத்து நகைக்கடைகளில் பெயர்ப்பலகைதோறும் காணப்படும் 916 என்ற எண்ணின் பொருள் இதுவே.

ஆங்கில நாட்டு மோதிரங்களின் முத்திரை முறை இதனினும் பழையது. 1300-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சோதிக்கப்பட்ட பொருளுக்குச் சிறுத்தைத் தலை முத்திரையை விதித்தது. இலண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் வைத்துக் குத்தப்பட்டதாலேயே இதற்கு ஹால்மார்க் என்ற பெயர் ஏற்பட்டது. அந்நாட்டில் 1854-இல் 9, 12, 15 காரட் தரங்களும் அனுமதிக்கப்பட்டன. 1932-இல் 12, 15 இரண்டையும் நீக்கி 14 காரட்டை வைத்தனர். எனவே ஆங்கில மோதிரம் ஒன்றில் 15 என்றும் .625 என்றும் இருந்தால், அது 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது என்று துணியலாம். 9 என்றும் .375 என்றும் கண்டால், அதில் பாதிக்கும் குறைவாகவே பொன் உள்ளது என்று அறிதல் வேண்டும். ஆங்கில முத்திரை என்பதாலேயே அது உயர்ந்த பொன் ஆகிவிடாது.

நம் நாட்டு மோதிரங்களில் 14 என்ற எண் தென்பட்டால் அதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், அன்னியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு, 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் பிறப்பிக்கப்பட்டன. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தல் தடைசெய்யப்பட்டது. வழிவழியாக உயர்ந்த மாற்றுப் பொன்னிலேயே வேலை செய்து பழகிய பொற்கொல்லர்கள் பலர் தொழில் இழந்தனர். 14 காரட் வரம்பு 1966-இல் தளர்த்தப்பட்டது. எனினும் 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியே இயற்றப்பட்டு, 1990-இல்தான் நீக்கப்பட்டது.

இந்தியாவில் அரசு சார்ந்த முத்திரை முறை 2000-ஆம் ஆண்டிலே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தால் தொடங்கப்பட்டது. தொடக்ககால மோதிரங்களில் ஐந்து குறிகளைக் காணலாம்: முக்கோண வடிவிலான அமைவனத்தின் சின்னம், தர எண், சோதனை மையத்தின் குறி, ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, நகைக்கடையின் குறி. 2000-ஆம் ஆண்டுக்கு ஏ, 2001-க்கு பி என்று எழுத்துக்கள் வரிசையாகச் சென்றன. 2021 சூன் 16 முதல் முத்திரை கட்டாயமாயிற்று. சோதனை மையம் உள்ள 256 மாவட்டங்களே முதற்பட்டியலில் இடம்பெற்றன. கேரளத்தில் பாலக்காடு உட்பட 13 மாவட்டங்கள் அதில் இருந்தன. விடுபட்ட ஒரே மாவட்டம் இடுக்கி. பின்னரே அதுவும் சேர்க்கப்பட்டது. எல்லைப்புற மலைவாழ் மக்களுக்கு அரசு முத்திரையும் சற்றுத் தாமதித்தே ஏறி வந்தது!

2021 சூலை முதல் ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனிக்குறி அளிக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இக்குறி இல்லாத முத்திரை நகைகளைக் கடைகள் விற்கலாகாது. சின்னம், 22கே916 போன்ற தர எண், ஆறு இலக்கக் குறி ஆகிய மூன்றுமே இன்றைய அடையாளம். பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் அக்குறியை இட்டால், நகையின் வகை, தரம், சோதித்த மையம் முதலியன தெரியும். திரையிலே காதணி என்று வந்து நம் கையிலே மோதிரம் இருக்குமாயின், அக்குறி இரவல் வாங்கப்பட்டது என்று தெளியலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு.

ஆயினும் 2000-க்கு முற்பட்ட நம் நாட்டு மோதிரத்தில் அரசு முத்திரை இராது. ஆசாரியின் பெயரெழுத்தோ கடையின் குறியோ மட்டும் இருக்கும். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். முத்திரை இல்லாமை குற்றத்திற்குச் சான்று அன்று. அதுபோலவே, யார் வேண்டுமானாலும் குத்தக்கூடிய 22 என்ற எண் மட்டும் தூய்மைக்குச் சான்றாகாது. 'கே.டி.எம்.' என்ற எழுத்துக்களைச் சிலர் தர முத்திரை என்று கருதுகின்றனர். அது காட்மியம் கலந்த பற்றாசினால் நகையை ஒட்டும் முறையின் பெயரே. காட்மியத்தின் புகை பொற்கொல்லரின் நுரையீரலைக் கெடுப்பது என்பதால் அம்முறை கைவிடப்பட்டது. 'ஜி.பி.' என்றோ 'ஜி.எஃப்.' என்றோ இருப்பின் அது மேற்பூச்சு நகை, அதாவது கவரிங் வகை.

முத்திரைக்குப் பின் சோதிக்க வேண்டியது பொன்னின் உடல். கல் இல்லாத மோதிரமாயின் நீரில் நிறுத்துப் பார்த்தல் நல்ல வழி. தூய பொன் தன் அளவு நீரைப் போல் 19.3 மடங்கு கனமுடையது. 22 காரட் சுமார் 17.7 மடங்கு, 18 காரட் சுமார் 15.5 மடங்கு, பித்தளை எட்டரை மடங்கை ஒட்டியது. கல் பதித்த மோதிரத்திலும் அரக்கு அடைத்த மோதிரத்திலும் இக்கணக்கு பிழையாகும். அப்போது உரைகல்லே துணை. இன்றைய சோதனை மையங்களில் ஊடுகதிர்க் கருவி சில நிமிடங்களில் தரத்தைக் காட்டுகிறது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை. ஐயமறத் தெளிய, சிறிது பொன்னைச் சுரண்டி எடுத்து, ஈயத்தோடு உருக்கிப் புடமிட்டுப் பார்க்கும் பழைய முறையே இன்றும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்படுகிறது.

எஞ்சி நிற்பது கல். சிவந்த கல்லை எல்லாம் கெம்பு என்று நம் மக்கள் கூறுவர். அப்பெயருக்குள்ளே மாணிக்கமும் உண்டு, ஸ்பினலும் உண்டு, கார்னெட்டும் உண்டு, கண்ணாடியும் உண்டு. மன்னர்களும் இதில் மயங்கியதுண்டு. பிரிட்டனின் அரசுமுடியிலே 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று புகழப்படும் பெருங்கல் உண்மையில் ஸ்பினல். மாணிக்கம் கடினத்தில் 9 என்னும் நிலையுடையது. வைரம் அதைக் கீறும். கண்ணாடி ஐந்தரை அளவிலேயே நின்றுவிடும். ஆகவே பல்லாண்டு அணிந்த மோதிரத்தின் கல்முகங்களில் விளிம்புகள் கூர்மையாகவே இருந்தால் கடினக்கல் என்றும், மழுங்கித் தேய்ந்திருந்தால் கண்ணாடியாக இருக்கலாம் என்றும் முதற்குறிப்பைப் பெறலாம். மாணிக்கத்தை வெவ்வேறு திசையில் கருவி கொண்டு நோக்கின் இரு சாயல் தோன்றும். ஸ்பினலிலும் கார்னெட்டிலும் கண்ணாடியிலும் ஒரே சாயல்தான்.

பெருங்குழப்பம் விளைவிப்பது செயற்கை மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலறிஞர் அகஸ்ட் வெர்னாய் அலுமினிய ஆக்சைடுப் பொடியைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். அக்கல் கண்ணாடி அன்று. மாணிக்கத்தின் அதே வேதிப்பொருள், அதே கடினம், அதே கனம். பிறந்த இடம் மட்டும் உலை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் செயற்கைக் கல் பட்டை தீட்டுதல் பெருங்குடிசைத் தொழிலாக வளர்ந்தது. ஆதலின் பாட்டி காலத்து மோதிரம், எனவே இயற்கை மாணிக்கம் என்னும் முடிவு பொருந்தாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் நோக்கினால், செயற்கைக் கல்லுக்குள் வளைந்த கோடுகளும் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் தென்படலாம். இயற்கைக் கல்லிலோ நேர்கோடுகளும், கோணங்களும், பட்டிழை போன்ற ஊசிகளும், பிற கனிமத் துகள்களும் இருக்கும். மாசே இல்லாத பெரிய சிவப்புக் கல் மலிவாகக் கிடைத்தால் மகிழ்வதினும் ஐயுறுவதே அறிவுடைமை.

நம் பழைய நகைகளில் கல்லின் பின்புறம் பெரும்பாலும் பொன்னால் மூடப்பட்டிருக்கும். உள்ளே வண்ணத்தாள் வைத்து நிறத்தைக் கூட்டுவதும் உண்டு. அத்தகைய மோதிரத்தை நீரில் ஊறவைத்தால் தாள் கெட்டு நிறம் மங்கும். ஆதலின் கல்லைக் கழற்றாமல் முடிவு கூறுவோரை நம்புதல் ஆகாது. வேண்டாத இடத்தில் கழற்றுதலும் ஆகாது. மணிச் சோதனைக்கூடத்தின் சான்றிதழ் பெற்ற பின்னரே கல்லுக்கு விலை கொடுக்க வேண்டும். பழைய நகையை விற்கச் செல்வோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்வாராக: கடைக்காரர் பொன்னுக்கே விலை தருவார், கல்லின் எடையைக் கழிப்பார். கல் உண்மையான மாணிக்கமாயின், கழித்துப்போட்ட அச்சிறு பொருளே மோதிரத்தினும் விலை மிக்கதாக இருக்கக்கூடும்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் அறிமுகமில்லாத கடையில், பழகாத மொழியில் நகை வாங்கவும் விற்கவும் நேர்கிறது. ஊரிலே தலைமுறையாகத் தெரிந்த ஆசாரியின் சொல் அங்கே கிடைப்பதில்லை. இந்நிலை நமக்குப் புதிதன்று. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பத் என்னும் இடத்தில், சிறியதோர் உரைகல் கிடைத்தது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், தமிழ் பிராமி எழுத்தில், இது பெரும்பத்தன் கல் என்று பொருள்படப் பொறிக்கப்பட்டுள்ளது. பத்தன் என்றால் பொற்கொல்லன். கடல் கடந்து சென்ற அத்தமிழன், அந்நிய நாட்டுச் சந்தையில் எவர் சொல்லையும் எதிர்பாராமல் பொன்னின் தரத்தைத் தானே அறிவதற்கு, தன் பெயர் பொறித்த உரைகல்லைக் கையோடு கொண்டு சென்றிருந்தான்.